கை அளப்பதும் கால் உணர்வதும்: எம்எஸ் தசை இறுக்கத்தில் கஞ்சா மருந்து

"எம்எஸ்ஸுக்குக் கஞ்சா மருந்து கேட்குமாமே, உண்மையா?" அக்காவுக்கு இருக்கும் எம்எஸ் என்ற நரம்பு நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி இது. சிலர் அது நோயையே விரட்டிவிடும் என்று எங்கோ படித்திருப்பார்கள். சிலருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறிவிடும். இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சிலருக்குக் கேட்கிறது. கேட்பது தசை இறுக்கத்துக்கு, நோய்க்கு அல்ல. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பதை நான்கு வாரம் முறையாகப் பயன்படுத்திப் பார்த்தால் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இதை விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். மருத்துவர்கள் எழுதுவதில் நோயாளியின் இரவு இருப்பதில்லை. நோயாளிகள் எழுதுவதில் ஆய்வுகள் இருப்பதில்லை. அக்காவின் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டையும் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் நரம்பியல் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்எஸ், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற பாதுகாப்பு உறையைத் தாக்குகிற நோய். உலகம் முழுவதும் 28 லட்சம் பேருக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தெரியவரும். 1993இல் வந்த இன்டர்ஃபெரான் பீட்டாவில் தொடங்கி இன்று வரை, புதிய தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துவிட்டன. அவை நோயின் போக்கை மாற்றும் மருந்துகள். ஆனால் ஏற்கெனவே சேதமான இடம் சேதமானதுதான். அதிலிருந்து வரும் இறுக்கம், வலி, சிறுநீர்த் தொல்லை, சோர்வு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். கஞ்சா மருந்து இந்த இரண்டாவது வரிசையில் வருகிறது. அதை முதல் வரிசைக்கு ஏற்றிப் பேசுபவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் அந்தப் பேச்சை நம்பி முதன்மை மருந்தை நிறுத்துகிறவர்கள் இழப்பது திரும்பி வராது.

தசை இறுக்கம் என்று எழுதினால் ஏதோ உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போவது போலத் தோன்றும். அப்படியில்லை. காலையில் அக்காவுக்குக் காலுறை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் உள்ளே மடங்கி நிற்கும். மாமா குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாக மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பார். அவசரப்பட்டு வேகமாகத் தூக்கினால் கால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். நிதானமாகச் செய்தால் ஒரு கட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அந்த நொடியில் காலுறையை நுழைத்துவிட வேண்டும். சக்கர நாற்காலியின் மிதிபலகையில் பாதத்தை வைத்த உடனே சில நாட்களில் முழங்கால் தானாகத் துள்ளத் தொடங்கும், டக்டக்கென்று, சீராக. குளோனஸ் என்பார்கள். முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினால் நிற்கும். ராத்திரியில் இரண்டு தொடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். தூக்கத்தில் திடீரென்று வெட்டி இழுக்கும். "யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்குடா, கயிறு எங்க இருக்குன்னுதான் தெரியல" என்பாள் அக்கா.

இது ஏன் நடக்கிறது? ஒரு தசையை இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்குவது தண்டுவடத்தின் இயல்பான அனிச்சைச் செயல். அந்தச் செயலை அளவோடு வைத்திருக்கும் கட்டளைகள் மூளையிலிருந்து இறங்கி வருகின்றன. வரும் வழியில் மயலின் சேதமானால் கட்டளை சரியாக வந்து சேராது. அனிச்சைச் செயல் அளவு மீறும். வேகமாக இழுத்தால் அதிகமாக எதிர்க்கும். மாமா நிதானமாகத் தூக்குவதற்குக் காரணம் இதுதான்.

இந்த இறுக்கம் முழுக்க எதிரியும் அல்ல என்பதைப் பலர் சொல்வதில்லை. தொடைத் தசையில் பலம் குறைந்தவர்கள் எழுந்து நிற்பதே சில சமயம் அந்த விறைப்பின் தயவில்தான். அதை மருந்தால் முழுக்கத் தளர்த்திவிட்டால் கால் துவண்டு விழுந்துவிடுவார்கள். அதனால் எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த நேரத்தில் குறைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

வழக்கமாக முதலில் தருவது தசையைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை. அதோடு அல்லது அதற்குப் பதிலாக டிசானிடின், காபாபென்டின். குறிப்பிட்ட ஓரிரு தசைகள் மட்டும் தொல்லை கொடுத்தால் போட்டுலினம் ஊசி. மிகக் கடுமையானால் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்ப் வைத்து, பாக்லோஃபெனைத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்துவார்கள். இவை எல்லாவற்றோடும் அன்றாடம் நீட்டிப் பயிற்சி. அக்காவுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டக் கூட்ட இறுக்கம் குறைந்தது உண்மை. கூடவே பகலெல்லாம் கண் சொக்கும், கையிலும் பலம் போய்விடும். கால் தளரும்போது ஆளும் சேர்ந்து தளர்ந்தால் அதில் என்ன பயன்?

கஞ்சா மருந்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இறுக்கம் திடீரென்று கூடினால் முதலில் தேட வேண்டியது மருந்தை அல்ல, தூண்டுதலை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்நோக்கி வளர்ந்த நகம், இறுக்கமான உடை, காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். உணர்ச்சி குறைந்த உடலில் வலி வலியாகத் தெரியாமல் இறுக்கமாக வெளிப்படும். ஒருமுறை அக்காவின் கால்கள் சில நாட்களாக எதற்கும் அடங்கவில்லை. டோஸைக் கூட்டிக் கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். பிசியோதெரபிஸ்ட்தான் "முதல்ல யூரின் டெஸ்ட் பண்ணுங்க" என்றார். தொற்று இருந்தது. அதற்கு மருந்து கொடுத்ததும் கால் பழைய நிலைக்கு வந்தது. கஞ்சா மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பவர்களுக்கும் இதை நான் சேர்த்தே சொல்கிறேன்.

இனி அந்த மருந்து. கஞ்சாச் செடியில் இருக்கும் டிஎச்சி என்ற வேதிப்பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அது உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1990இல், அது போய் ஒட்டும் இடமான சிபி1 என்ற ஏற்பியின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1992இல் நம் மூளையே தயாரிக்கும் கஞ்சா போன்ற பொருள் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பொதுவாக ஒரு நரம்பணு வேதிப்பொருளை வெளியிட, அடுத்த நரம்பணு அதை வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்குகிற பக்கத்திலிருந்து பொருள் சுரந்து, அனுப்புகிற பக்கத்துக்குத் திரும்பிப் போய், "போதும், குறைத்துக்கொள்" என்று சொல்கிறது. தூண்டல் மிகும் இடத்தில் அதைத் தணிப்பது அதன் வேலை. எம்எஸ் இறுக்கத்தில் மிகுந்துபோவதும் தூண்டல்தான். 2000இல் லண்டனில் டேவிட் பேக்கரின் குழு, எம்எஸ் போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இவ்வகைப் பொருட்களைக் கொடுத்தபோது இறுக்கமும் நடுக்கமும் குறைந்தன. ஏற்பிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது இரண்டும் கூடின. அதாவது, உடல் தானாகவே அந்த இறுக்கத்தை இந்த வழியில் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எலிக்கு நடந்தது மனிதருக்கு நடந்ததா என்ற இடத்தில்தான் கதை சிக்கலாகிறது. என் மனம் அதிகம் தங்கியிருப்பதும் இங்கேதான்.

2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. ஜான் ஸாய்செக் தலைமையில், 33 மையங்களில், 600க்கும் மேற்பட்ட எம்எஸ் நோயாளிகள். ஒரு பகுதியினருக்குக் கஞ்சாச் சாறு அடங்கிய மாத்திரை, ஒரு பகுதியினருக்கு டிஎச்சி மட்டும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 15 வாரம். இறுக்கத்தை அளக்க அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டது ஆஷ்வொர்த் அளவுகோல். பரிசோதிப்பவர் நோயாளியின் காலையோ கையையோ மடக்கி நீட்டிப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்று எண் போடுவார். அந்த அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளைக் கேட்டபோது, மருந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் இறுக்கமும் வலியும் குறைந்ததாகச் சொன்னார்கள்.

கை ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

அக்காவோடு பரிசோதனை அறைக்குள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மருத்துவர் அவளைப் படுக்கவைத்து, முழங்காலை இரண்டு மூன்று முறை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியொண்ணும் மோசமில்லையே" என்றார். அவர் பார்த்தது உண்மைதான். அது முற்பகல் நேரம். காலையில் நீட்டிப் பயிற்சி முடித்து, மாத்திரை போட்டு, வண்டியில் உட்கார்ந்து வந்திருந்தாள். அன்றைய நாளிலேயே அவளுடைய கால் மிக அமைதியாக இருந்த நேரம் அது. விடியற்காலை மூன்று மணிக்கு அதே கால் எப்படி இருந்தது என்பதை எந்த மருத்துவரின் கையும் தொட்டுப் பார்த்ததில்லை. இறுக்கம் மணிக்கு மணி மாறுவது. படுத்திருக்கும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் ஒன்று. ஒரு நிமிடத்தில் ஒரு மூட்டை மடக்கிப் பார்த்து அதற்கு எண் போட முடியும், ஆனால் தூங்கினாளா, உடை மாற்ற முடிந்ததா, காலுறை ஏறியதா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லாது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும். கஞ்சா மருந்து தலையைக் கொஞ்சம் கிறுகிறுக்க வைக்கும். அதனால் தனக்குக் கிடைத்தது உண்மை மருந்துதான் என்று நோயாளி ஊகித்துவிடுவார். ஊகித்தவர் நல்லபடியாகச் சொல்ல வாய்ப்பு அதிகம். அதோடு, மனசு லேசாவதால் அதே இறுக்கம் குறைவாகத் தோன்றியிருக்கவும் கூடும். இந்தச் சந்தேகம் நியாயமானது. இதை எந்த ஆய்வும் முழுதாகத் தீர்த்துவிடவில்லை. 2012இல் வந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வில், 12 வாரத்துக்குப் பிறகு இறுக்கத்தில் நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் கஞ்சாச் சாறு எடுத்தவர்களில் 29.4 சதவீதம், போலி மருந்து எடுத்தவர்களில் 15.7 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று மகிழலாம். மருந்து எடுத்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு நிவாரணம் இல்லை என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது.

அந்த ஏழு பேரையும் மூன்று பேரையும் முன்கூட்டியே பிரிக்க முடியுமா என்று யோசித்ததுதான் அடுத்த கட்டம். அதற்குள் வாயில் அடிக்கும் ஸ்பிரே ஒன்று வந்திருந்தது. பெயர் நாபிக்சிமால்ஸ், சாட்டிவெக்ஸ் என்ற பெயரில் விற்பனையாகிறது. ஒரே மாதிரியாக வளர்க்கப்பட்ட செடிகளிலிருந்து எடுத்த சாறு. ஒருமுறை அழுத்தினால் 2.7 மில்லிகிராம் டிஎச்சியும், அதே செடியின் இன்னொரு வேதிப்பொருளான சிபிடி 2.5 மில்லிகிராமும் வரும். கனடா 2005இல் எம்எஸ் நரம்புவலிக்கு நிபந்தனையோடு அனுமதித்தது. பிரிட்டன் 2010இல் தசை இறுக்கத்துக்கு அனுமதித்தது. பிறகு ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளும் அனுமதித்தன. 2011இல் வெளியான ஆய்வில், வேறு மருந்துகள் கேட்காத 572 பேருக்கு முதலில் நான்கு வாரம் உண்மையான ஸ்பிரேயையே கொடுத்தார்கள். அதில் 272 பேருக்கு இறுக்கம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. இப்படிப் பலன் கண்டவர்களை மட்டும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் போலி ஸ்பிரேயை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மை மருந்தில் தொடர்ந்தவர்களின் நிலை தெளிவாகவே மேலாக இருந்தது.

பலன் கண்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஆய்வு செய்வது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மருந்தின் பெருமையை நிரூபிக்க அது வசதியான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோயாளியின் வீட்டில் உண்மையில் நடப்பதும் அதுதானே? கொடுத்துப் பார்க்கிறோம், கேட்டால் தொடர்கிறோம், கேட்கவில்லையென்றால் விட்டுவிடுகிறோம். எந்த மருந்தை அரசு மருத்துவச் சேவையில் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் செலவுக்கேற்ற பலன் இல்லை என்று இந்த ஸ்பிரேயைப் பரிந்துரைக்க மறுத்தது. 2019இல் நிலையை மாற்றிக்கொண்டது. மிதமானது முதல் கடுமையானது வரையிலான இறுக்கம் இருந்து, மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கலாம், 0 முதல் 10 வரை நோயாளி தானே போடும் மதிப்பெண்ணில் குறைந்தது 20 சதவீதம் குறைந்தால் மட்டும் தொடரலாம் என்றது. அளவுகோல் நோயாளியின் கைக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் இந்த ஸ்பிரேவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2022இல் முடிந்த ஓர் ஆய்வு, கால் தசைகளின் விறைப்பைப் பரிசோதகர் அளக்கும் எண்ணையே முதன்மை இலக்காக வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட மதிப்பாய்வு 25 ஆய்வுகளைப் பார்த்து, குறுகிய காலத்தில் இறுக்கம் குறைந்ததாகச் சொல்லும் நோயாளிகளின் எண்ணிக்கையை இந்த மருந்து அனேகமாகக் கூட்டுகிறது என்று முடிவு சொன்னது.

அக்காவுக்கு மருத்துவர் இந்த ஸ்பிரேயை எழுதிக்கொடுத்தபோது முதலில் கேட்டது, "என்ன மாறினா இந்த மருந்து வேலை செஞ்சுதுன்னு ஒத்துக்குவீங்க?" என்று. நல்ல கேள்வி. அக்கா யோசித்துவிட்டு இரண்டு சொன்னாள். ராத்திரி வெட்டி இழுத்து எழுந்திருக்காமல் தூங்க வேண்டும். காலையில் மாமா காலுறை போடும்போது கால் விட்டுக்கொடுக்க வேண்டும். நடக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அந்த மருந்திடம் அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

தொடங்கும்போது சாயங்காலம் ஒரே ஒரு அழுத்தம். பிறகு சில நாளுக்கு ஒருமுறை ஒன்று கூட்டி, இரண்டு வாரத்துக்குள் அவரவர்க்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அழுத்தத்துக்கும் அடுத்ததற்கும் குறைந்தது கால் மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு 12 அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. நாக்குக்கு அடியிலோ கன்னத்தின் உட்புறத்திலோ அடிக்கலாம், தினமும் ஒரே இடத்தில் அடித்தால் புண்ணாகிவிடும். அக்கா இடது கன்னம், வலது கன்னம் என்று மாற்றி மாற்றி அடிப்பாள். அதில் ஆல்கஹால் கலந்திருப்பதால் முதலில் சுரீரென்று எரியும். சாப்பிட்டுவிட்டு எடுத்தால் உடல் அதிகமாக உறிஞ்சும், வெறும் வயிற்றில் குறைவு. அதனால் எப்படி எடுத்தாலும் தினமும் ஒரே மாதிரி எடுக்கச் சொன்னார்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு காலையிலும் முந்தைய ராத்திரிக்கு மதிப்பெண் எழுதினாள். ஆரம்ப நாட்களில் தலைசுற்றல் நன்றாகவே இருந்தது. ஒரு சாயங்காலம் அளவைக் கூட்டியபோது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும் நேரத்தில் தடுமாறிவிட்டாள், மாமா பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் முந்தைய அளவுக்கே திரும்பினார்கள். அங்கேயே நின்றார்கள். மூன்றாவது வாரத்தில் நோட்டில் எண்கள் இறங்கத் தொடங்கின. நான் அந்த எண்களைவிட மாமாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவரும் அவளோடு சேர்ந்து ராத்திரி ராத்திரியாக விழித்திருந்தவர். வீட்டில் ஒருவருக்கு இறுக்கம் என்றால் இரண்டு பேரின் தூக்கம் போகிறது. ஆய்வுகளில் அந்த இரண்டாவது ஆளுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

அக்காவின் கால்கள் சாதாரணமாகிவிட்டனவா? இல்லை. பகல் இறுக்கம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது, பாக்லோஃபெனும் குறைந்த அளவில் தொடர்கிறது, நோயின் போக்கை மாற்றும் மருந்தும் தவறாமல் தொடர்கிறது. ராத்திரி மாறியது. கால் கொஞ்சம் இளகியிருக்கும் நேரத்தைப் பார்த்து நீட்டிப் பயிற்சியை வைத்தால் மூட்டு இன்னும் நன்றாக விரியும் என்று பிசியோதெரபிஸ்ட் நேரத்தையே மாற்றி அமைத்தார். மருந்தை மட்டும் எடுத்துவிட்டுப் பயிற்சியை விட்டிருந்தால் இந்த அளவு கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எதற்கெல்லாம் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். நோய் மெல்ல மெல்ல முற்றுவதைத் தடுக்குமா என்று பார்க்க, முற்றும் வகை எம்எஸ் உள்ள கிட்டத்தட்ட 500 பேரிடம் மூன்று ஆண்டு டிஎச்சி மாத்திரை கொடுத்து நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. தடுக்கவில்லை. கை நடுக்கத்துக்கும் பயன் தெரியவில்லை. எலியில் நடுக்கம் குறைந்ததை வைத்து நம்பிக்கை வளர்த்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். வலிக்கும் அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்கும் ஓரளவு சான்று உண்டு, தசை இறுக்கத்துக்கு இருக்கும் அளவு இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது நினைவாற்றல். எம்எஸ் நோயாளிகளில் பலருக்கு நோயாலேயே கவனமும் நினைவும் யோசிக்கும் வேகமும் குறையும். டொராண்டோவில் அந்தோணி ஃபைன்ஸ்டீனின் குழு, அடிக்கடி கஞ்சா பயன்படுத்தும் எம்எஸ் நோயாளிகள் 40 பேரை எடுத்து, பாதிப் பேரை 28 நாள் நிறுத்தச் சொல்லிப் பார்த்தது. 2019இல் வெளியான முடிவு: நிறுத்தியவர்களின் நினைவும் யோசிக்கும் வேகமும் தெளிவாகக் கூடின, தொடர்ந்தவர்களுக்குக் கூடவில்லை. அளவிட்ட ஸ்பிரேயை இதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் மாதக்கணக்காக எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது நினைவாற்றல் சோதனை கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அக்கா கணக்குப் பார்க்கும் வேலை செய்பவள். அவளுக்குத் தலை தெளிவாக இருப்பது கால்களைவிட முக்கியம் என்று அவளே சொல்வாள்.

உறவினர் ஒருவர் அன்போடு இணையத்தில் சிபிடி எண்ணெய் வாங்கி அனுப்பிவைத்தார். அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன எவ்வளவு இருக்குன்னு யாருடா பாத்தாங்க?" என்று கேட்டு எடுத்து வைத்துவிட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டிஎச்சியும் இருந்தது. எம்எஸ் இறுக்கத்துக்குப் பலன் காட்டிய ஆய்வுகள் டிஎச்சி அடங்கிய மருந்துகளில் நடந்தவை. தனி சிபிடிக்கு அந்தப் பெருமையை மாற்றிக் கொடுக்க முடியாது. புகைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புகையிலைப் புகை எம்எஸ்ஸை வேகமாக முற்றச் செய்வது நன்றாகத் தெரிந்த விஷயம், கஞ்சாவைப் பலர் புகையிலையோடு கலந்துதான் புகைக்கிறார்கள்.

தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் இருந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். எம்எஸ் இளம் பெண்களுக்கு அதிகம் வரும் நோய் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பாக்லோஃபென், தூக்க மாத்திரை, மது எதனோடு சேர்ந்தாலும் மயக்கம் கூடும், விழும் அபாயமும் கூடும். தலைசுற்றும் காலத்தில் வண்டி ஓட்டக் கூடாது. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் மருந்துச் சீட்டோடு வாங்கியது எல்லை தாண்டியதும் குற்றமாகலாம், பயணத்துக்கு முன் இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் விசாரித்தே ஆக வேண்டும்.

இனி வரும் ஆய்வுகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன, நோயாளிகள் எடுப்பதோ வருடக்கணக்கில். நோயாளியின் தூக்கத்தையும் உடை மாற்றும் நேரத்தையும் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தையும் முதன்மைக் கணக்கில் வைத்து, அதே ஆட்களின் நினைவாற்றலையும் சேர்த்து அளந்து, பாக்லோஃபெனோடு நேருக்கு நேர் வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடக்க வேண்டும். ஆஷ்வொர்த் எண்ணையும் போடட்டும், தவறில்லை. அப்படி ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே பெயர் கொடுத்துவிடு என்று அக்கா என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.